பார்வை மாறுவதும் அதனைத் திருத்துவதும்

(தீர்த்தமலையில் நடைபெற்ற கிராம நலக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வளர்ச்சிப் பணியாளராகிய நாம் வழக்கமாகச் சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் பேசுவோம். இன்று கண்ணைப் பற்றிப் பேச முற்பட்டிருக்கிறோம். காரணம் இல்லாமல் அன்று. பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழுப்புகிறோம். கரும்பலகையில் எழுதியது பின் வரிசைச் சிறுவனுக்குத் தெரியாவிடில் அக்கட்டடத்தால் அவனுக்கு என்ன பயன்? மகளிர் சுய உதவிக் குழுவிற்குக் கடன் கிடைக்கச் செய்கிறோம். கணக்குப் புத்தகத்தில் எழுதியுள்ள தொகை கண்ணுக்குப் புலப்படாத சகோதரி, கையெழுத்துப் போடத் தெரிந்தும், கைந்நாட்டு வைப்பவரைப் போலப் பிறர் சொல்லையே நம்ப வேண்டியவராகிறார். பூச்சிமருந்துப் புட்டியில் அளவு பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்க இயலாத உழவர் கைக்கு வந்த அளவில் ஊற்றினால் பயிரும் கெடும், உடலும் கெடும். ஆகவே கண்பார்வை என்பது மருத்துவரை மட்டும் சார்ந்த விஷயமன்று. கல்வியையும் தொழிலையும் சார்ந்த விஷயமும் ஆகும்.

இன்று நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. கிட்டப்பார்வை, தூரப்பார்வை, வெள்ளெழுத்து ஆகிய மூன்றும் கண்ணின் அளவிலும் வளைவிலும் நேரும் வேறுபாடுகள். பெரும்பாலோருக்கு ஓர் இணைக் கண்ணாடியால் அன்றைக்கே திருத்தத்தக்கவை. அவற்றின் காரணமாக ஒரு பிள்ளை படிப்பை விடுவதும், நாற்பது வயதில் ஒருவர் தொழிலை விடுவதும் நம் ஊர்களில் இனி நிகழலாகாது.

கண் எவ்வாறு காண்கிறது?

நமக்கு எதிரே தீர்த்தமலை நிற்கிறது. அதிலிருந்து வரும் ஒளி விழியின் முன்புறமுள்ள தெளிந்த படலத்தின் வழியே புகுந்து, உள்ளேயிருக்கும் வில்லையைக் கடந்து, பின்புறச் சுவராகிய விழித்திரையில் குவிகிறது. அங்கே தெளிவான உருவம் விழுந்தால்தான் மலை தெளிவாகத் தெரியும். ஏறக்குறைய 6 மீட்டருக்கு அப்பாலுள்ள பொருளைக் காணும்போது வில்லை ஓய்ந்திருக்கும். கையிலுள்ள புத்தகத்தைக் காண வேண்டுமாயின், கண்ணினுள் உள்ள சிறு தசை இயங்கி வில்லையைத் தடிக்கச் செய்யும். மலையைக் காண்பது கண்ணுக்கு ஓய்வு, புத்தகத்தைக் காண்பது அதற்கு உழைப்பு என்று நினைவிற் கொள்ளலாம்.

வாய்க்காலில் விடும் நீர் உரிய வயலுக்கு வந்து பாய வேண்டும். முன் வயலிலேயே தேங்கினாலும் பயிருக்கு உதவாது; கடந்து ஓடினாலும் உதவாது. ஒளியும் அவ்வாறே. விழித்திரைக்கு முன்னரே குவிந்தால் கிட்டப்பார்வை. விழித்திரையை எட்டும்போதும் குவியாமல் அதற்கு அப்பால் குவியுமாறு அமைந்தால் தூரப்பார்வை. வில்லையின் இளக்கம் குறைந்து, கிட்டத்திலுள்ள பொருளுக்கு ஏற்றவாறு தடிக்க மாட்டாமற் போனால் வெள்ளெழுத்து.

பிறந்த குழந்தையின் விழி முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமே உடையது. வளர்ந்தவரின் விழி ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். ஆதலால் பெரும்பாலான குழந்தைகள் சிறிதளவு தூரப்பார்வையுடனேயே பிறக்கின்றன. விழி வளர வளர அக்குறை தானாக நேராகிறது. வளர்ச்சி அளவோடு நின்றால் நலம். மேலும் 1 மில்லிமீட்டர் நீண்டுவிட்டாலோ, ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை கிட்டப்பார்வை ஏற்படும். மக்கள் ‘பவர்’ என்று வழங்குவது இந்த டயாப்டர் கணக்கைத்தான்.

பள்ளிப் பிள்ளையின் கிட்டப்பார்வை

கிட்டப்பார்வை உடைய பிள்ளைக்கு அருகில் உள்ளது நன்கு தெரியும். எட்ட உள்ளது மங்கும். மைனஸ் 1 பவர் தேவைப்படும் கண்ணுக்கு 1 மீட்டர் வரைதான் தெளிவு. மைனஸ் 2 ஆயின் அரை மீட்டர். மைனஸ் 4 ஆயின் கால் மீட்டர், அதாவது ஒரு சாண் தூரத்திற்குச் சற்று மேல். கரும்பலகையோ மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இப்பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதுவான். கண்ணை இடுக்கிப் பார்ப்பான். பந்து வரும் திசை அறியாமல் ஆட்டத்திலிருந்து விலகி நிற்பான். ஆசிரியர் ‘கவனமில்லை’ என்பார். தந்தை ‘மந்தம்’ என்பார். தனக்குப் பார்வைக் குறை உண்டென்று அவனே அறியான். உலகம் எல்லோருக்கும் இப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருப்பான்.

இக்குறை பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில் தொடங்கி, உடல் வளரும் வரையில் ஆண்டுதோறும் மிகக்கூடும். பொதுவாக இருபது வயதை ஒட்டி நிலைபெறும். ஆகையால் ஒருமுறை கண்ணாடி வாங்கியவுடன் கடமை முடிந்ததென்று இருத்தலாகாது. ஆண்டுக்கொரு முறை அளந்து பார்க்க வேண்டும். பவர் கூடுவதைக் கண்டு, ‘கண்ணாடி போட்டதால்தான் கூடிற்று’ என்பார் உளர். விழி நீள்வதால் கூடுகிறது. பிள்ளை வளரச் சட்டை சிறிதாவதற்குத் தையற்காரர் பொறுப்பாளி ஆவாரா?

இந்தக் குறை ஏன் மிகுந்து வருகிறது? பெற்றோரிடமிருந்து வருவது ஒரு பங்கு. ஓயாமல் அருகிலேயே நோக்கியிருப்பதும், வெயில் வெளிச்சம் காணாமல் வீட்டினுள் அடைந்து கிடப்பதும் மற்றொரு பங்கு. சீன நாட்டின் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தி, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாராரின் பள்ளி நேரத்தில் நாள்தோறும் 40 நிமிடம் வெளிப்புற விளையாட்டைச் சேர்த்தார்கள். மற்றொரு சாராரை வழக்கம்போல் விட்டார்கள். மூன்றாண்டு முடிவில் வெளியில் விளையாடியவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்கும், மற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை தோன்றியிருந்தது. செலவில்லாத மருந்து இது. நம் ஊரில் வெயிலுக்கும் வெளிக்கும் பஞ்சமில்லை. பிள்ளைகளின் கையிலே கைப்பேசியைக் கொடுத்து அமர்த்திவிட்டு அச்செல்வத்தை நாம் வீணாக்கலாமா?

மறைந்திருக்கும் தூரப்பார்வை

தூரப்பார்வை உடைய பிள்ளை மலையையும் காண்பாள், புத்தகத்தையும் படிப்பாள். இளமையில் வில்லை இளக்கமாயிருப்பதால் ஓயாமல் அதனைத் தடிக்கச் செய்து குறையை ஈடு செய்துகொள்வாள். அந்த உழைப்பின் விலையாகச் சிலருக்குத் தலைவலி வரும். கண்ணில் நீர் வரும். படிப்பதில் வெறுப்பு உண்டாகும். குறை பெரிதாயின் கண் உள்நோக்கித் திரும்பி மாறுகண் ஆகும்.

மாறுகண்ணை அதிருஷ்டம் என்று கொண்டாடும் வழக்கம் நம்மிடையே உண்டு. திரும்பிய கண்ணில் விழும் உருவத்தை மூளை ஒதுக்கத் தொடங்கும். நாளடைவில் அக்கண் சோம்பிவிடும். இளவயதிலேயே கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணைச் சிறிது நேரம் மூடி வைத்துப் பயிற்சி அளித்தால் பார்வையை மீட்கலாம். ஏழெட்டு வயது கடந்துவிட்டால் மீட்பது வரவரக் கடினமாகும். ஆதலால் மாறுகண் உடைய குழந்தையைக் கண்ட அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கே கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வில்லையை ஓயச் செய்த பிறகே அளப்பார்கள். மறைந்திருக்கும் தூரப்பார்வை அப்போதுதான் முழுமையாக வெளிப்படும். குழந்தை எழுத்தறியாவிட்டாலும், ஒளியைச் செலுத்தி அதன் அசைவைக் கொண்டே பவரைக் கணிக்கும் முறை உண்டு. ஆகவே பேசத் தெரியாத குழந்தையையும் சோதிக்கலாம்.

நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து

முன்னைய இரண்டும் சிலருக்கே வரும். வெள்ளெழுத்து நம் அனைவருக்கும் வரும். பத்து வயதுச் சிறுவன் முகத்திலிருந்து 8 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள எழுத்தையும் தெளிவாகக் காண்பான். நாற்பது வயதில் ஏறத்தாழ 22 முதல் 25 சென்டிமீட்டர் வரை தள்ளிப் பிடிக்க வேண்டும். அறுபதில் அத்தூரம் ஏறத்தாழ 1 மீட்டர். கையோ அவ்வளவு நீளம் இல்லை! நாற்பதைக் கடந்தவுடன் பிளஸ் 1 அளவில் தொடங்கும் கண்ணாடி, அறுபது வயதை ஒட்டிப் பிளஸ் 2.5 அளவிற்கு உயர்ந்து பெரும்பாலும் அங்கே நிலைபெறும்.

முதுமையின் தொடக்கம் என்று நாணி இதனை மறைப்போர் பலர். ஆனால் நாற்பது வயது என்பது குடும்பத்தின் முழுப் பாரமும் தோளில் அமர்ந்திருக்கும் வயது. தையல் இயந்திரத்தில் அமரும் சகோதரிக்கு ஊசித்துளை தெரிவதில்லை. பட்டுக்கூட்டில் நல்லதையும் சொத்தையையும் பிரிப்பதும், சாமையில் கல் பொறுக்குவதும் தடுமாற்றமாகின்றன. ‘வயதாகிவிட்டது’ என்று தொழிலைக் கைவிடுகிறார்கள். அவர்களுக்குக் குறைந்தது கைத்திறன் அன்று. கண்ணினுள் ஒரு வில்லையின் இளக்கம் மட்டுமே.

இதற்கு அஸ்ஸாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நல்ல சான்று கிடைத்தது. நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய தொழிலாளர் 751 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடியை முதலில் வழங்கினார்கள். 2018-இல் வெளியான அம்முடிவின்படி, கண்ணாடி பெற்றவர்கள் நாள்தோறும் பறித்த இலையின் நிறை, பெறாதவர்களுடன் ஒப்பிடும்போது ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. புது நிலமில்லை, புது உரமில்லை, புது இயந்திரமும் இல்லை. மூக்கின் மேல் ஓர் இணைக் கண்ணாடி மட்டுமே. அதனால் அவர்களுடைய கூலியும் உயர வழி உண்டாயிற்று. வளர்ச்சிப் பணியில் இவ்வளவு சிறு செலவில் இவ்வளவு பெரும் பயன் தரும் காரியங்கள் மிகச் சிலவே.

திடீரென மாறினால்

பார்வை மெல்ல மாறுவது இயல்பு. விரைவாக மாறினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். மூன்று நிலைகளை இங்கே கூறுகிறோம்.

முதலாவது, அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், ‘எனக்குப் பார்வை திரும்பி வந்துவிட்டது, இப்போது கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன்’ என்று மகிழ்வார். பலரிடத்தில் இது கண்புரையின் தொடக்கமாகும். வில்லையின் நடுப்பகுதி இறுகி ஒளியை மிகுதியாக மடக்குவதால் கண் கிட்டப்பார்வைப் பக்கம் நகர்கிறது. எழுத்து தெரியும், எதிரே வரும் பேருந்தின் பலகை தெரியாது. சில காலத்தில் எழுத்தும் மங்கும்.

இரண்டாவது, நீரிழிவு. இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது வில்லையின் நீர்ச்சத்தும் மாறுகிறது. பவரும் கூடிக் குறைகிறது. சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் நிலைத்த பிறகே புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும். கண்ணாடி அடிக்கடி பொருந்தாமற் போகிறதென்றால், கடையைக் குறை கூறுமுன் சர்க்கரையைச் சோதித்துக்கொள்க. வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சோதிக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் நம் அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது.

மூன்றாவது, கடுமையான கிட்டப்பார்வை உடையவர் கண்முன் மின்னல் போல ஒளி தெறித்தாலோ, கரும்புள்ளிகள் திடீரெனத் திரண்டாலோ, திரை விழுவது போல் ஒரு பக்கம் மறைந்தாலோ ஒரு நாளும் தாழ்த்தலாகாது. நீண்ட விழியில் விழித்திரை மெலிந்து கிழியக்கூடும்.

திருத்தும் வழிகள்

கிட்டப்பார்வைக்குக் குழிவில்லை, தூரப்பார்வைக்கும் வெள்ளெழுத்துக்கும் குவிவில்லை. முன்னது மைனஸ், பின்னவை பிளஸ். இரண்டும் தேவைப்படுவோர்க்கு மேற்பாதி எட்டப் பார்க்கவும் கீழ்ப்பாதி படிக்கவும் அமைந்த கண்ணாடி உண்டு. மிதமான கிட்டப்பார்வை உடைய சிலர், நாற்பதுக்கு மேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கண் இயல்பாகவே கிட்டத்திற்குப் பொருந்தியிருப்பதே காரணம். குறை நீங்கிற்று என்பதன்று. இருபது வயதிற்குப் பிறகு பவர் நிலைத்தவர்களுக்கு லேசர் சிகிச்சை முதலியனவும் இருக்கின்றன. ஆயினும் ஊரார்க்கெல்லாம் எட்டும் எளிய வழி கண்ணாடியே.

கண்ணாடி அணிந்தால் கண் சோம்பேறியாகும் என்பதும், அணியாமல் பழகினால் வலுப்பெறும் என்பதும் ஆதாரமற்றவை. பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் பப்பாளியும் உண்ணுங்கள். மாலைக்கண் வாராமல் காக்க அவை உதவும். ஆனால் நீண்ட விழியை எந்தக் கீரையும் குறுக்காது. மலைமேல் இராம தீர்த்தத்தில் நீராடுவது நம் பக்திக்கு உரியது. அப்பக்தியோடு கண் மருத்துவர் எழுதித் தரும் கண்ணாடியையும் சேர்த்துக்கொள்வதில் முரண் ஏதுமில்லை.

பெற்றோர்களே, உங்களிடம் ஒன்று சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மகனுக்குக் கண்ணாடி வாங்கித் தருகிறீர்கள். மகளுக்கென்றால், ‘கண்ணாடி போட்ட பெண்ணை யார் கொள்வார்?’ என்று தயங்குகிறீர்கள். மங்கிய பார்வையோடு பத்தாம் வகுப்பில் தவறிப் படிப்பை விட்ட பெண்ணின் வாழ்வு என்னவாகும் என்பதை அத்தயக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் மாநிலத்திற்கு இத்துறையில் பெருமைக்குரிய மரபு உண்டு. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தோன்றியது. வாத நோயால் விரல்கள் வளைந்தும் அறுவைத் திறனைப் பழகிக்கொண்ட டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முன்பெல்லாம் புரையோடு வில்லையையும் எடுத்துவிடுவதால் கண் பெருந்தூரப்பார்வை அடைந்து, பிளஸ் 10 அளவிலான ‘சோடாப்புட்டிக் கண்ணாடி’ அணிய நேர்ந்தது. கண்ணினுள் பொருத்தும் செயற்கை வில்லையை 1992 முதல் மதுரையிலேயே ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியதால் அந்நிலை ஏழைகளுக்கும் மாறிற்று. பள்ளி மாணவர்களின் கண்களைச் சோதித்து விலையின்றிக் கண்ணாடி வழங்கும் ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் 2009-இல் நம் மாநிலத்தில் தொடங்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டுவன

திட்டங்கள் வாசல் வரை வரும்; உள்ளே அழைப்பது நம் பொறுப்பு. ஆசிரியர்கள் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே 6 மீட்டர் தூரத்தில் எழுத்துப் பலகையை மாட்டி, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் செய்து மறு கண்ணால் படிக்கச் சொல்ல வேண்டும். இரு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் குறையுள்ள கண்ணை மறைத்துவிடும். எழுத்தறியாதவர்க்கு, மூன்று விரல் நீட்டியது போன்ற குறி எப்பக்கம் திரும்பியிருக்கிறதென்று கைகாட்டச் சொன்னாற் போதும். குறையுள்ள பிள்ளையை முன் வரிசைக்கு மாற்றுவதோடு நில்லாமல் பெற்றோருக்கும் சுகாதார நிலையத்திற்கும் அறிவிக்க வேண்டும்.

மகளிர் குழுவினர் தம் மாதக் கூட்டத்தில் நாற்பது கடந்த உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். கையை நீட்டிப் பிடிப்பவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தையில் கிடைக்கும் ஆயத்தக் கண்ணாடி வெள்ளெழுத்துக்கு ஓரளவு உதவும். எனினும் ஒருமுறையாவது கண் மருத்துவரைக் காண்பது அவசியம். வலியின்றிப் பார்வையைப் பறிக்கும் கண்நீர் அழுத்த நோயை அவர்தாம் கண்டறிய முடியும். அரூர் அரசு மருத்துவமனையும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. தனித்துப் போகத் தயங்குவோரைக் குழுவாக அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளைகளே, நாளைக் காலை பள்ளிக்கு வந்ததும் ஒரு கண்ணை மூடி மலையுச்சியைப் பாருங்கள். பிறகு மறு கண்ணால் பாருங்கள். பாறையும் மரமும் இரண்டிலும் ஒன்றுபோல் தெரிகின்றனவா? வேறுபாடு தோன்றினால் வெட்கப்படாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்ல ஒரு நொடி போதும். சொல்லாமல் விட்டால் ஓர் ஆண்டுப் படிப்பே மங்கிப் போகும்.

அடுத்த பள்ளி ஆண்டு தொடங்குவதற்குள், நம் ஊர்களில் கண்ணாடி வேண்டியிருந்தும் அணியாத பிள்ளை ஒருவரும் இல்லை என்று நாம் சொல்லக்கூடிய நிலை வர வேண்டும். அதற்கு ஆசிரியரும் பெற்றோரும் மகளிர் குழுவினரும் துணை நிற்பீர்கள் என்று நம்புகின்றோம்.